மளிகைக் கடைப் பற்றேட்டில் காய்கறி இல்லாத காலம்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவில் உள்ள எங்கள் மளிகைக் கடையில், சம்பளம் போட்ட வாரத்தில் மிக விரைவாக விற்றுத் தீர்பவை நான்கு பொருள்கள்: பொட்டல எண்ணெய், சீனி, கோதுமை மாவு, வெள்ளை அரிசி. எண்ணெய், எங்கள் ஊரைச் சூழ்ந்து நிற்கும் செம்பனையிலிருந்து, அதாவது பாமாயில் மரத்திலிருந்து வருவது. சீனி, பெரும்பாலும் பிரேசில், தாய்லாந்து போன்ற நாடுகளிலிருந்து கச்சாச் சர்க்கரையாகக் கப்பலில் வந்து இங்கே சுத்திகரிக்கப்படுவது. கோதுமை மலேசிய மண்ணில் வணிக அளவில் விளைவதே இல்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வந்து இங்குள்ள ஆலைகளில் மாவாகிறது. அரிசியில் ஒரு பகுதி கெடாவின் மூடா வயல்களிலிருந்தும், மீதம் வியட்நாம், தாய்லாந்து, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்தும் வருகிறது. நான்கும், பெரும்பரப்பில் ஒரே பயிரை நட்டு, உரமும் களைக்கொல்லியும் இட்டு வளர்த்து, ஆலையில் உரித்தும் பிரித்தும் எடுக்கப்படும் பண்டங்கள். நான்கின் விலையிலும் அரசாங்கத்தின் கை இருக்கிறது. உதவித்தொகை பெறும் 1 கிலோ எண்ணெய்ப் பொட்டலம் 2.50 ரிங்கிட், 1 கிலோ சீனி 2.85 ரிங்கிட், 1 கிலோ பொதுப்பயன் மாவு 1.35 ரிங்கிட் என்ற கட்டுப்பாட்டு விலைகளிலேயே பல ஆண்டுகளாக விற்று வந்திருக்கிறேன். மழைக்காலத்தில் ஒரு கிலோ பயற்றங்காய்க்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று பொட்டலம் எண்ணெய் வாங்கிவிடலாம். உடல்நலத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் இந்த விலைப்பட்டியலிலிருந்து தொடங்காவிட்டால், அது வசதி உள்ளவர்கள் வசதி இல்லாதவர்களுக்குச் செய்யும் உபதேசமாகவே முடிந்துவிடும்.

இந்தக் கடையை 1960களில் என் தந்தையார் தொடங்கினார். அப்போது இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களின் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மிதிவண்டியில் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சம்பள நாளில் பணம் வசூலிப்பது அவருடைய வழக்கம். குடும்பத்துக்கு ஒரு பக்கமாக அவர் எழுதிவைத்த பற்றேடுகள் இன்னும் கடையின் மேல்தட்டில் இருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது உறுதியானபோது, சுகாதாரக் கிளினிக்கில் இருந்த உணவு ஆலோசகர், வீட்டில் ஒரு மாதத்துக்கு என்னென்ன பொருள், எவ்வளவு தீர்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கணக்கு எழுதுவது எங்கள் குடும்பத் தொழிலாதலால் அதை எளிதில் செய்துவிட்டேன். அதன் பிறகு, அதே கணக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தோட்டக் குடும்பத்தில் எப்படி இருந்தது என்று பார்க்கும் ஆவல் வந்து, பழைய ஏடுகளை இறக்கினேன்.

அவற்றில் புழுங்கல் அரிசி, துவரம்பருப்பு, பச்சைப்பயறு, மிளகாய், மல்லி, புளி, கருவாடு, ஒரு சிறு போத்தல் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், சீனி, பால்டின் (டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப்பால்), தேயிலைத்தூள், மண்ணெண்ணெய் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. மாவு, தீபாவளிக்கு முந்திய வாரங்களில் மட்டும் வருகிறது. எனக்குத் திகைப்பூட்டியது என்னவென்றால், பெரிய வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தவிர வேறு காய்கறி எதுவுமே அந்த ஏடுகளில் இல்லை. கீரை இல்லை, கத்தரிக்காய் இல்லை, முருங்கைக்காய் இல்லை. காய்கறி உண்ணாமல் அவர்கள் வாழவில்லை. அதைக் கடையில் வாங்கும் பொருளாக அவர்கள் கருதியதே இல்லை. லயத்துக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு பயிரிடும் நிலம் ஒதுக்க வேண்டுமென்று காலனி ஆட்சியின் தொழிலாளர் சட்டமே கூறியது. வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு நம்மீது இருந்த அன்பினால் வந்த விதியன்று அது. அரிசி விலை ஏறும்போது கூலியை ஏற்றாமல் சமாளிக்க அது உதவியது. எதற்காக வந்திருந்தாலும், அந்த நிலத்தில் வெண்டையும் அவரையும் மரவள்ளியும் விளைந்தன.

பால்மரம் வெட்டும் வேலையின் நேர அமைப்பும் இதற்குத் துணை நின்றது. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குச் சென்று, வெயில் ஏறுமுன் வெட்டி முடித்து, பாலெடுத்துக் கொட்டிவிட்டு வீடு திரும்பினால், பிற்பகல் அவர்களுடையது. தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் அந்த நேரம் செலவாயிற்று. ரப்பர் மரங்களுக்கிடையே வெளிச்சம் விழும் இடங்களில் புல் இருந்ததால் மாடு வளர்த்தார்கள். பால் வீட்டுக்கும் கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டுக்கும் போயிற்று. இவற்றையெல்லாம் சொல்வதால் அக்காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. கொக்கிப்புழுவும் இரத்தச்சோகையும் லயங்களில் இருந்தன. கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் விழுங்கிய சம்பளங்களுக்குத் தந்தையாரின் ஏட்டில் சிவப்பு மையில் சான்று இருக்கிறது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: குறைந்த கூலியிலும் அவர்களின் தட்டில் பத்துப் பன்னிரண்டு வகைத் தாவரங்கள் இருந்தன, இன்று அவர்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கும் பேரப்பிள்ளைகளின் தட்டில் நான்கு பயிர்கள் பல உருவங்களில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

மலேசியாவில் செம்பனை வணிகப் பயிராக முதன்முதலில் நடப்பட்ட இடம் எங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமராம் தோட்டத்தில் அதைத் தொடங்கினார். ஆனாலும் பல பத்தாண்டுகள் ரப்பரே அரசாண்டது. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை சரியத் தொடங்கி, 1960களிலிருந்து அரசாங்கமும் நிறுவனங்களும் செம்பனைக்கு மாறியபோதுதான் நிலக்காட்சி மாறிற்று. 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு கூன்வண்டு கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. அதுவரை பெண்கள் மகரந்தத்தூளைக் கையால் பூங்கொத்துகளில் தூவி வந்தார்கள். வண்டு அந்த வேலையை எடுத்துக்கொண்டது, விளைச்சல் கூடியது, அந்தப் பெண்கள் வேறு வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலும் அது மருந்தடிக்கும் வேலையாக இருந்தது.

செம்பனை ஐந்தாறு ஆண்டுகளில் மட்டைகளைப் பரப்பி வெளிச்சத்தை மூடிவிடுகிறது. மரத்தைச் சுற்றியுள்ள வட்டமும் நடைபாதையும் குலை வெட்டவும் உதிரிப்பழம் பொறுக்கவும் சுத்தமாக இருக்க வேண்டுமென்பதால் களைக்கொல்லி அடிக்கப்படுகிறது. முன்பு களை என்ற பெயரில் வரிசைகளிடையே கிடந்தவற்றில் பாதி நம் சமையலறைக்கு வேண்டியவை: குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை, ஓடையோரத்துப் பெரணிக்கொழுந்து. என் கடைக்கு வரும் ஒரு பெரியம்மா இருபது ஆண்டுக்கு மேல் முதுகில் மருந்துத் தோம்பு (களைக்கொல்லித் தொட்டி) சுமந்தவர். அவர் ஒருநாள் சொன்னார்: “தம்பி, நான் அடிச்ச மருந்துல செத்தது எல்லாம் நான் பறிச்சுத் தின்ன கீரைதான். அதுக்கப்புறம்தான் உங்க கடையில கீரை வாங்க வந்தேன்.” தொழிற்பயிர் உணவை எப்படி மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டை மலேசியா 2002-இல் தடைசெய்து, 2006-இல் மீண்டும் அனுமதித்து, இறுதியாக 2020 ஜனவரி முதல் முற்றாகத் தடைசெய்தது. அந்த இடைவெளியில் அதைச் சுமந்த பெண்களின் நுரையீரலையும் நகங்களையும் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வேலைகள் குத்தகைக்குப் போயின, குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. மாடுகள் செம்பனைக்குள் வரக்கூடாது என்று ஆயிற்று. என் தந்தையாரின் ஏட்டில் 1980களின் நடுப்பகுதியிலிருந்து முட்டைக்கோசும் கடுகுக்கீரையும் எட்டிப் பார்க்கின்றன. அதே பக்கங்களில் பொட்டல மீயும் (உடனடி நூடுல்ஸ்) பிஸ்கட் டின்னும் வரத்தொடங்குகின்றன. நிலம் போன ஆண்டுகளும் பொட்டலம் வந்த ஆண்டுகளும் ஒன்றாகவே இருப்பதை அந்த ஏட்டில் விரல் வைத்துக் காட்டலாம்.

செம்பனை எண்ணெயைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. ஒன்று அதை விஷம் என்கிறது, மற்றொன்று இயற்கையின் வரம் என்கிறது. ஆலையின் வாசனையோடு வளர்ந்த எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குலையை வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் ஆவியில் வேகவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டிவிடும். செம்பனை சிறுவிவசாயியின் அடுப்படிப் பயிராக இல்லாமல் ஆலையோடு கட்டப்பட்ட பயிராக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படிப் பிழிந்த கச்சா எண்ணெய் ஆழ்ந்த செந்நிறமானது. ஒரு கிலோவில் 500 முதல் 700 மில்லிகிராம் வரை கரோட்டின் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கர்கள் காலங்காலமாக அந்தச் சிவப்பெண்ணெயைத்தான் குழம்பில் ஊற்றுகிறார்கள். நமக்கு வருவதோ, பசை நீக்கி, மண்ணால் வெளுத்து, 240 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி மணம் அகற்றியது. கரோட்டின் ஏறத்தாழ முழுவதும் போய், பொன்னிறமாய், மணமற்றதாய் நிற்கிறது. எதனோடும் கலந்தாலும் தன்னை வெளிக்காட்டாத அந்தக் குணமே அதன் வணிக வலிமை.

ஒரு ஹெக்டேரில் செம்பனை ஏறத்தாழ 3 முதல் 4 டன் எண்ணெய் தருகிறது. சோயா அரை டன் அளவே தரும். அதனால் மலிவு. பாதியளவு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அறை வெப்பத்தில் அரைகுறையாக உறைகிறது. பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தத் தேவையில்லை. 2006-இல் அமெரிக்கா, அப்படி ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகும் மாறுபக்கக் கொழுப்பை (டிரான்ஸ் ஃபேட்) பொட்டலத்தில் குறிப்பிட வேண்டுமென்று கட்டாயமாக்கியபோது, உலகின் பிஸ்கட் ஆலைகள் செம்பனைப் பக்கம் திரும்பியதற்கு இதுவே காரணம். மாறுபக்கக் கொழுப்போடு ஒப்பிட்டால் அது நல்ல மாற்றம்தான். ஆனால் அதன் விளைவாக, அடுப்பில் ஊற்றாமலே நம் உடலுக்குள் போகும் எண்ணெய் பெருகிவிட்டது. எண்ணெயில் பொரித்து உலர்த்தும் பொட்டல மீயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. வாங்குபவர் அதை எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதைவிட மறைவான இடம் தேநீர்க் கோப்பை. ‘பால்டின்’ என்று இன்றும் எல்லோரும் கேட்டு வாங்கும் டின்னில் பெரும்பாலும் ‘கிரிமர் மானிஸ்’ என்றே அச்சிட்டிருக்கும். அதாவது, சீனி, செம்பனை எண்ணெய், ஓரளவு பால்பொடி. பால்கொழுப்பு இருந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பயிரின் கொழுப்பு உட்கார்ந்திருக்கிறது. எடையில் ஏறத்தாழப் பாதி சீனி. ஒரு மேசைக்கரண்டி ஏறத்தாழ 20 கிராம் என்றால் அதில் 10 கிராம் சீனி. சாலையோர ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேத்தாரிக்கில் இரண்டு மூன்று கரண்டி போகும். உலகச் சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சேர்க்கைச் சர்க்கரை இருந்தால் நல்லது என்கிறது. பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பசியாற ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று கோப்பை குடிப்பவர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கை, சோற்றில் கை வைக்காமலே தாண்டிவிடுவார். 2019 ஜூலையில், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. அது போத்தல், டின் பானங்களுக்குத்தான். கடையில் கலக்கித் தரும் தேநீரை அந்த வரி தொடவில்லை.

அரிசியைப் பற்றிச் சொல்லும்போது, இந்த நாடு உலகுக்கே ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானோரை முடக்கிக் கொன்றுகொண்டிருந்தது. சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுதியாகவும், இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசியை உண்ட தமிழரிடையே மிகக் குறைவாகவும் இருந்தது. வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-இல் தொடங்கி, கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தோரை இரு பிரிவாக்கி இரு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் நோய் பரவியது, புழுங்கல் பிரிவில் பரவவில்லை. இன்றைய அறத்தின்படி அனுமதிக்கவே முடியாத சோதனை அது. அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடம் நடத்திய ஆய்வு, தீட்டும்போது தவிட்டோடு எதோ இன்றியமையாத பொருள் போய்விடுகிறது என்பதை நிலைநாட்டியது. அது பின்னர் வைட்டமின் பி1 என்று அறியப்பட்டது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்தச் சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை.

இவ்வளவு வரலாறு இருந்தும், எங்கள் கடையில் புழுங்கல் அரிசியின் விற்பனை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தே வந்தது. இளைய குடும்பங்கள் மணமுள்ள, ஒட்டாத வெள்ளை அரிசியைக் கேட்கின்றன. 1966-இல் வெளிவந்த ஐஆர்8 போன்ற குட்டை நெல்லினங்களும், 1970-இல் நிறைவடைந்த மூடா நீர்ப்பாசனத் திட்டமும் ஆண்டுக்கு இரு போகத்தைச் சாத்தியமாக்கி, சோற்றை எல்லோருக்கும் எட்டச் செய்தன. பசியை அறிந்த என் தந்தையாரிடம் அதைக் குறை சொன்னால் அடிக்க வந்திருப்பார். ‘ஊர்ப் பொன்னிதான் வேண்டும்’ என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்களிடம் நான் சொல்லி மகிழும் ஒரு செய்தியும் இங்கே உண்டு: தமிழ்நாட்டின் வெள்ளைப் பொன்னி, மலேசியாவில் 1960களில் உருவான மாசூரி நெல்லிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் மலிவான வெள்ளைச் சோறு, உடலுழைப்பு குறைந்த காலத்திலும் தட்டில் அதே குவியலாகத் தொடர்ந்தது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்து, ஆகஸ்டில் புழுங்கலுக்கு 20 விழுக்காடு வரி விதித்தபோது, இங்கே இறக்குமதி அரிசியின் விலை ஏறி, கட்டுப்பாட்டு விலையில் விற்கும் உள்நாட்டு அரிசி கடைகளில் காணாமல் போயிற்று. செம்பனை சூழ்ந்த ஊரில் நின்றுகொண்டு, சோற்றுக்குக் கப்பலை எதிர்பார்க்கும் நிலையை அந்த மாதங்களில் மக்கள் கண்கூடாகப் பார்த்தார்கள்.

2019-இல் நடந்த தேசியச் சுகாதார, நோயுறுநிலை ஆய்வின்படி, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகப் பதிவானாலும், நம் சமூகத்தின் வீடுகளில் அதன் சுமை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மரபு ஒரு காரணம். வெட்டுமரத்திலிருந்து வெட்டுமரத்துக்கு நடந்த கால்கள் இப்போது காவலாளி நாற்காலியிலும் லாரி இருக்கையிலும் மடிந்திருப்பது மற்றொரு காரணம். வாய்க்கட்டுப்பாடு இல்லாமைதான் காரணம் என்று கோவில் கூட்டங்களில் பேசுபவர்களைக் கேட்கும்போது எனக்குச் சினம் வருகிறது. கரும்புத் தோட்டத்துக்காகச் செபராங் பிறைக்கும், பின்பு காப்பிக்கும் ரப்பருக்கும் செம்பனைக்கும் அழைத்துவரப்பட்ட மக்கள், அதே பயிர்களின் மலிவான பண்டங்களை உண்டு நோயுறுவதில் தனிமனித ஒழுக்கத்தைவிட நில வரலாறே பெரிய பங்கு வகிக்கிறது.

ஆயினும் நிலத்தைத் திரும்பப் பெறும்வரை மனைவியின் இரத்தச் சர்க்கரை காத்திராது. ஆகவே எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடித்துப் பயன் கண்டவற்றைச் சொல்கிறேன். முதல் மாற்றம் தேநீர். பால்டின்னை வீட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்தினேன். பாலில் கலந்து, சீனியை வாரத்துக்கு வாரம் குறைத்தோம். ஒட்டுக்கடையில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்கப் பழகினோம். இந்த ஒரு மாற்றத்துக்குப் பணமோ நேரமோ தேவையில்லை என்பதால் யாருக்கும் இதையே முதலில் சொல்கிறேன்.

எண்ணெய்க்கு நான் கடைக்காரக் கணக்கைக் கையாள்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டி என்று வைத்தால், நால்வர் உள்ள வீட்டுக்கு 1 கிலோ பொட்டலம் 12 நாள் வர வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளில் நாட்காட்டியில் ஒரு கோடு போடுங்கள். ஆறு நாளில் தீர்ந்தால் என்ன எண்ணெய் என்பது முக்கியமில்லை, அளவுதான் பிரச்சினை. நல்லெண்ணெய்க்கோ சூரியகாந்திக்கோ மாறிவிட்டு அதே அளவு ஊற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். இலாபம் எனக்கு மட்டுமே.

சோற்றில், தவிட்டரிசி எங்கள் வீட்டில் தோற்றது. என் மனைவி அதை மாட்டுத்தீவனம் என்றார், நானும் வாதாடவில்லை. புழுங்கலுக்குத் திரும்பினோம், அது செரிக்கும் வேகம் குறைவு, பழைய நாவுக்கும் இணக்கம். ஆனால் அரிசியை மாற்றியதைவிட, அளவை மாற்றியதே பயன் தந்தது. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு, சுகு, செபாரோ’ முறையில் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ, அரைப் பங்கு காய்கறியும் பழமும். அரைத் தட்டுக் காய்கறி என்பது கேட்பதற்கு எளிது, வாங்குவதற்குக் கடினம். அதனால்தான் கீரை வளர்க்கத் தொடங்கினோம்.

தாமான் வீட்டில் மண் இல்லை. ஆனால் செம்பனை நாற்றங்காலில் கன்று வளர்க்கும் பெரிய கறுப்புப் பைகள் எங்கள் ஊரில் எளிதில் கிடைக்கும். அவற்றில் பசலையும் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் நன்றாக வருகின்றன. வேலியோரம் ஒரு முருங்கைப் போத்தை நட்டால் அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். செம்பனை வரிசைகளுக்குள் போய்க் கீரை பறிப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எப்போது மருந்தடித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. செத்துக் காயும்வரை இலை பச்சையாகவே இருக்கும். நெத்திலி, கெம்போங் போன்ற மலிவான மீன்களை வாரத்தில் சில நாள் கோழிக்குப் பதிலாக வாங்குகிறோம். கறிக்கோழி என்பதும் பிரேசில், அர்ஜென்டினா மக்காச்சோளமும் சோயாவும் இறக்கை முளைத்து வந்த உருவம்தான்; நான் அதற்கு எதிரி அல்லன், ஆனால் தோலோடு பொரித்த கோழியைத் தினமும் உண்ண வேண்டியதில்லை.

பொட்டலத்தைப் படிப்பதற்கு மலாய் அறிந்த பேரப்பிள்ளை போதும். சேர்பொருள்களை எடை மிகுதியிலிருந்து குறைவு என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ‘கூலா’, ‘தெப்போங் காண்டும்’, ‘மிஞாக் கெலாப்பா சாவிட்’ ஆகிய மூன்றும் முதல் மூன்று இடங்களில் இருந்தால், அட்டையில் எந்தப் பழத்தின் படம் இருந்தாலும் அது சீனி, மாவு, எண்ணெய்தான். ‘சீனி இல்லாத பிஸ்கட்’ என்று இனிப்புநீர்க்காரர்களுக்காகக் கூடுதல் விலையில் வருபவற்றிலும் மற்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன. பருப்பும் கொண்டைக்கடலையும்கூட ஆஸ்திரேலிய, கனடியப் பெருவயல்களிலிருந்து வருபவைதாம் என்பதை நான் மறைக்கவில்லை; அவை உடைபட்டு வந்தாலும் நாரும் புரதமும் உள்ளேயே இருக்கின்றன. பயிர் எங்கே, எவ்வளவு பெரிய நிலத்தில் விளைந்தது என்பதைக் காட்டிலும், ஆலையிலிருந்து வெளியே வந்தபோது அதில் என்ன மிஞ்சியிருந்தது என்று பார்ப்பது சமையலறையில் எனக்குப் பயன்பட்டிருக்கிறது.

இவற்றால் என் மனைவியின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு படிப்படியாக இறங்கியது. மருந்தை நிறுத்தவில்லை, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதை யாருக்கும் பரிந்துரைக்கவும் மாட்டேன். கடையிலும் சில மாற்றம் செய்தேன். புழுங்கல் அரிசி மூட்டையையும் பயறு வகைகளையும் வாசலுக்கு நகர்த்தி, பிஸ்கட் டின்களைப் பின்னால் வைத்தேன். பயறு விற்பனை கூடியது. பிஸ்கட் விற்பனை குறையவில்லை, எங்கே வைத்தாலும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். பால்டின்னை நிறுத்தினால் கடையை மூட வேண்டியிருக்கும்.

தீபாவளிப் பலகாரம் சுடும் வாரங்களில் மட்டும் வாடிக்கையாளர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். முறுக்குச் சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்துக் கார்த்திகை வரை பொரிப்பது நம் வீடுகளில் சிக்கனம் என்று கருதப்படுகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்து நுரைக்கும் எண்ணெய் உடலுக்கு ஆகாது. பழைய எண்ணெயைக் கிலோக் கணக்கில் வாங்கி உயிரிடீசல் ஆலைகளுக்கு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வேன் எங்கள் கடைக்கும் வருகிறது. போத்தலில் கொண்டுவந்து கொடுத்தால், அதன் விலையைப் பற்றேட்டில் பருப்புக் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்.